லீவில் பத்து நாளா, ஓராண்டா, வேலையோடா, ஊரிலிருந்தேவா? மிஷன் பணியை யோசிக்கும் கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

மே மாத வாலிபர் முகாம்கள் முடிந்து ஜூனில் கல்லூரி திறந்ததும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "கடைசி நாள் கூட்டத்தில் எழுந்து நின்று மிஷன் பணிக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். இப்போது என்ன செய்வது?" கேட்பவர்களில் தேவனாம்பட்டினத்தில் பி.எஸ்சி. படிக்கும் பையனும் உண்டு, நர்சிங் மூன்றாம் ஆண்டுப் பெண்ணும் உண்டு, காலாப்பட்டில் ஆராய்ச்சி செய்பவரும் உண்டு. ஜூலையில் இன்டர்னல் தேர்வு வந்துவிடும். தீபாவளி லீவுக்குள் அந்தத் தீர்மானம் டைரியில் ஒரு வரியாக நின்றுவிடும். அந்த அர்ப்பணிப்பு உண்மையானது என்றே நான் நம்புகிறேன். அடுத்து எந்தப் படியில் கால் வைப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசாததால்தான் அது வாடிப்போகிறது.

"படிக்கிற வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1806இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் மழைக்கு வைக்கோல் போரடியில் ஒதுங்கி ஜெபித்த ஐந்து மாணவர்களின் பாரத்திலிருந்துதான் (ஊழியத்துக்கான உள்ளத் தவிப்பு) அந்நாட்டின் முதல் வெளிநாட்டு மிஷன் சங்கம் 1810இல் பிறந்தது. அந்தச் சங்கம் யாழ்ப்பாணத்துக்கும், பிறகு 1834இல் மதுரைக்கும் வந்தது. அது அனுப்பிய டாக்டர் ஜான் ஸ்கட்டரின் பேத்தி ஐடா ஸ்கட்டர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவமனையில் இன்று நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேராவது ஒருமுறை டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். கடலூருக்கும் இதில் பங்குண்டு. 1740இல் இங்கு வந்த மிஷனெரி கீர்நாந்தர் பதினெட்டு ஆண்டு இங்கே ஊழியம் செய்தார். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபோது கல்கத்தா போய் அங்கே மிஷன் வேலையைத் தொடங்கினார். புகழ்பெற்ற ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரி வங்காளத்தில் கால் வைப்பதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே, நம் ஊரிலிருந்து வங்காளத்துக்கு ஒரு மிஷனெரி போயிருக்கிறார்.

மாணவர்கள் முன்னால் இன்று இருக்கும் வழிகள் பொதுவாக நான்கு: லீவில் ஒரு குறுகிய பயணம், பட்டம் முடித்து ஓரிரு ஆண்டு ஒரு பணித்தளத்தில் தங்குவது, கற்ற தொழிலோடு வேறு மாநிலமோ வேறு நாடோ போவது, ஊரில் இருந்தபடியே தொடங்குவது.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகளை நான் கேட்பேன். நான் போனபின் அங்குள்ளவர்களுக்கு என்ன மிஞ்சும்? அவர்கள் மொழியைக் கற்க அந்தக் காலம் போதுமா? செலவு எவ்வளவு, அதை யார் சுமப்பார்கள்? அங்குள்ள சட்டம் என்ன சொல்கிறது, சிக்கல் வந்தால் அகப்படுவது யார்? என் வீட்டுக்கு நான் செய்யவேண்டிய கடமை என்ன ஆகும்?

ஐந்துக்கும் சம எடை கிடையாது. முதல் கேள்விக்கே அதிக எடை கொடுங்கள். நம் முகாம்களில் பெரும்பாலும் "எனக்கு என்ன அனுபவம் கிடைக்கும்" என்பதே பேசப்படுகிறது. ஊழியத்தின் பலனை அங்கே வாழ்கிறவர்கள் பக்கத்திலிருந்துதான் பார்க்கவேண்டும்.

| வழி | மொழி கற்க வாய்ப்பு | பணம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| லீவுப் பயணம் | அநேகமாக இல்லை | ரயில், சாப்பாடு | வரவேற்கும் மிஷனெரியின் நேரம், பின்னால் வரும் விசாரணை |
| ஓரிரு ஆண்டு | நல்ல அடித்தளம் கிடைக்கும் | சிறிய உதவித்தொகை | கல்விக்கடன், தள்ளிப்போகும் வேலை |
| தொழிலோடு | ஆளைப் பொறுத்தது | சம்பளம் உண்டு | பாரம் மெல்லக் கரைவது |
| ஊரிலிருந்தே | நினைப்பதைவிட அதிகம் | மிகக் குறைவு | ஞாயிற்றுக்கிழமைகள் |

## லீவுப் பயணம்

பத்துப் பதினைந்து பேராக ஒடிசாவுக்கோ பீகாருக்கோ போய் ஒரு வாரம் இருந்து வருவது. மாணவர்கள் முதலில் ஆசைப்படுவது இதைத்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாழ்நாள் முழுவதையும் ஊழியத்துக்குக் கொடுத்த பலர் முதலில் இப்படி ஒரு பயணத்தில்தான் கண்திறந்தவர்கள்.

ஆனால் வெளியூர்க் குழு வந்திறங்கினால் எப்படி இருக்கும் என்பது நமக்கே தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரை எத்தனை வண்டிகள் வந்தன! பழைய துணி மூட்டைகள் சாலையோரம் மலைமலையாகக் கிடந்து மழையில் நனைந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. கேட்காமலே கொண்டுவந்த உதவி அது. ஜனவரி முடிந்ததும் வண்டிகள் குறைந்தன. அதன்பிறகும் தங்கி, யாருக்குப் படகு போயிற்று, யாருக்கு வலை போயிற்று என்று வீடுவீடாகக் கேட்டு எழுதிக்கொண்டவர்களைத்தான் குப்பங்கள் இன்றும் பேசுகின்றன. நாம் விருந்தாளியாகப் போகும் ஊரிலும் நம்மைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள்.

சட்டத்தையும் நம் பிள்ளைகள் பலர் அறியாமல் புறப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டுவிட்டதால் அதன் நினைவே இங்கு இல்லை. ஒடிசாவில் 1967இலேயே அப்படி ஒரு சட்டம் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 2021இல் வந்தது கடுமையானது. கட்டாயம், ஏமாற்று, ஆசைகாட்டுதல் ஆகியவற்றை இந்தச் சட்டங்கள் குற்றமாக்குகின்றன. நீங்கள் அன்போடு கொடுக்கும் நோட்டுப் புத்தகமும் பென்சில் டப்பாவும் ஆசைகாட்டுதல் என்று புகாராக எழுதப்படலாம். அப்போது நீங்கள் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி வீட்டுக்கு வந்திருப்பீர்கள். காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுவது அங்கேயே பிள்ளைகுட்டியோடு வாழும் மிஷனெரி. நேபாளத்துக்கு விசா வேண்டாம் என்பதற்காக அங்கே போகத் திட்டமிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அந்நாட்டின் 2015 அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது, மீறினால் சிறை உண்டு.

எப்போது இது நல்ல தேர்வு? அங்குள்ள ஊழியர் "வாருங்கள், இன்ன வேலைக்கு ஆள் வேண்டும்" என்று தாமே அழைக்கும்போது. ஐந்து பேருக்கு மேல் போகாதபோது. பிரசங்கம் செய்யாமல் கிணற்றடியில் தண்ணீர் சுமந்து, சமைத்து, கேட்டுக்கொண்டு இருக்கச் சம்மதிக்கும்போது. மருத்துவ முகாமுக்கு உதவ வரும் நர்சிங் மாணவி, விடுதிக் கட்டடத்துக்கு வயரிங் செய்து கொடுக்கும் ஐ.டி.ஐ. மாணவன் என்று கையில் வேலை உள்ளவர் போனால் அது அவர்களுக்கு லாபம். ஃபோட்டோ எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நீங்கள் போடும் ஒரு படம் அந்தக் கிராமத்தில் ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கலாம்.

## பட்டம் முடித்து ஓரிரு ஆண்டு

மாணவர்களுக்கு நான் அதிகம் சொல்வது இந்த வழியைத்தான். இந்தியாவுக்குள்ளேயே அனுப்பும் அமைப்புகள் நம்மிடம் உண்டு. திருநெல்வேலியில் 1903இல் இந்திய மிஷனெரி சங்கமும், 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தொடங்கப்பட்டன. இரண்டிலும் முன்நின்ற, பின்னாளில் பேராயரான அசரியா அப்போது முப்பது வயதை ஒட்டிய வாலிபர். நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு வாலிபர்களின் ஜெபக்குழுக்களிலிருந்தே வளர்ந்தது. இத்தகைய அமைப்புகள் சிலவற்றில் பட்டதாரிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தன்னார்வலராகவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓராண்டு தங்குவதில் என்ன வித்தியாசம்? ஒரு குளிர்காலத்தையும் ஒரு மழைக்காலத்தையும் அந்த ஊரோடு சேர்ந்து கடப்பீர்கள். விதைப்பு, அறுப்பு, ஒரு கல்யாணம், ஒரு சாவு எல்லாம் பார்த்துவிடுவீர்கள். முக்கியமாக மொழி வாயில் வந்துவிடும். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் இருபத்து நான்கு வயதில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகியவர். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. மணலில் உட்காராமல் அந்தப் புத்தகம் வந்திருக்காது.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தி எங்கே உதைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். க, ச, ட, த, ப ஒவ்வொன்றிலும் நான்கு ஒலிகள் இருப்பதைக் காது பிரித்தறியவே இரண்டு மாதம் பிடிக்கும். உயிரற்ற பொருளுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் உண்டு: தண்ணீர் ஆண்பால், ரொட்டி பெண்பால், அதற்கேற்ப வினைச்சொல்லும் மாறும். ஒடியாவில் அந்தச் சங்கடம் கிடையாது. மொழிக்குப் பயப்படுகிறவர்களை நான் ஒடிசா பக்கம் யோசிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மறைவான செலவுகள். வங்கியின் கல்விக்கடனுக்கு வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும்தான் விலக்கு. அதற்கு மேல் தவணை ஓடத் தொடங்கும், பல குடும்பங்களில் அப்பாவின் கையெழுத்தும் அந்தக் கடனில் இருக்கும். கேம்பஸ் தேர்வில் கிடைத்த வேலை உங்களுக்காகக் காத்திருக்காது. திரும்பி வந்தபின் "அந்த ஓராண்டு என்ன செய்தீர்கள்?" என்று நேர்காணலில் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: ஒரு புது மொழி கற்றேன், ஒரு விடுதியை நடத்தினேன், கணக்கு எழுதினேன். இதெல்லாம் எந்த வேலைக்கும் தகுதிதான்.

வீட்டில் முதல் பட்டதாரி, கீழே தங்கை படிக்கிறாள், அப்பா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி என்றால் இந்த வழி உங்களுக்கு இந்த ஆண்டு இல்லை. அதற்காக விசுவாசக் குறைவு என்று உங்களை யாரும் குற்றப்படுத்த விடாதீர்கள். கடனை அடைத்துவிட்டு இருபத்தேழு வயதில் போகலாம்.

## தொழிலோடு போவது

பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார். அந்த வழியின் இன்றைய வடிவம் இது. நம் சபைகள் இதற்குப் போதிய மதிப்புக் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம். முழுநேர ஊழியத்துக்குப் போகிறவருக்கு மேடையில் சால்வை. பீகாரில் ஆசிரியையாகப் போகிறவருக்கு ஒரு ஜெபம்கூடக் கிடையாது.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்கலாம். பிளஸ் டூ மாணவர்கள் கவனிக்க: வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் சபை அமைப்புகளின் பரிந்துரையில் சேருகிறவர்கள் படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்ய ஒப்புக்கொள்கிறார்கள். 1970இல் உருவான இம்மானுவேல் மருத்துவமனைகள் சங்கத்துக்கு வட இந்தியாவிலும் வடகிழக்கிலும் மருத்துவமனைகள் உண்டு. அவற்றில் ஒன்றான ரக்சோல் டங்கன் மருத்துவமனை நேபாள எல்லையிலேயே இருக்கிறது. அங்கே வேலை செய்யும் நர்ஸ் பாஸ்போர்ட் இல்லாமலே இரண்டு நாட்டு மக்களைத் தொட்டுக் கவனிக்கிறார்.

மொழியில் நாட்டம் உள்ளவர்களுக்கு நம் பகுதியில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. உலகின் ஏறக்குறைய 7,000 மொழிகளில் முழு வேதாகமம் உள்ளவை 700க்கு மேல்தான். மொழிபெயர்ப்புக்கு வேண்டிய மொழியியலை நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். புதுச்சேரியிலும் மொழியியல், பண்பாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. இன்னொன்று பிரெஞ்சு. புதுச்சேரிப் பிள்ளைகள் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிடும் அந்த மொழிதான் செனகல், சாட், கேமரூன் போன்ற நாடுகளில் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் புழங்குகிறது. இந்தியாவில் எத்தனை ஊர் மாணவர்களுக்கு இந்த வாய்ப்பு இருக்கிறது? பிளஸ் டூவோடு அதைக் கைவிடாதீர்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் சட்டத்தைத் தெளிவாக அறிந்து போகவேண்டும். சவூதி அரேபியாவில் ஆலயமே கிடையாது. அமீரகம், குவைத், ஓமன், கத்தார் போன்ற நாடுகளில் ஒதுக்கப்பட்ட இடங்களில் ஆராதனை உண்டு, ஆனால் இஸ்லாமியரிடம் மதப்பிரச்சாரம் குற்றம். அங்கே உங்கள் சாட்சி நீங்கள் வேலை செய்யும் விதத்திலும், சக தொழிலாளர்கள் நோயில் விழுந்தால் பக்கத்தில் உட்காருவதிலும் இருக்கும். வேலையை வேஷமாகப் போட்டுக்கொண்டு போகவே கூடாது. சம்பளம் கொடுக்கிறவரை ஏமாற்றிச் சொல்லும் சுவிசேஷத்தை யார் நம்புவார்கள்? ஏஜென்ட் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் சட்டப்படி 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வழியின் பெரிய ஆபத்து பணம்தான். முதல் ஆண்டு கடன் அடையும், இரண்டாம் ஆண்டு வீடு, பிறகு நகை, பிறகு மனை. பாரம் எந்த நாளில் போனது என்று தெரியாமலே போயிருக்கும். புறப்படும்முன் உங்கள் சபையில் மூன்று பேரிடம் "மாதம் ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கேள்வி கேட்கத் தயங்காதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

## ஊரிலிருந்தே தொடங்குவது

"எங்கும் போகமுடியாதவர்கள் செய்வது" என்று இதை மாணவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஞாயிறன்று புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்குப் போய் நின்று பாருங்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் குவிந்திருக்கும் ஜீன்ஸுக்கு இந்தியில் விலை பேசுகிறவர்கள் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வாரம் ஆறு நாள் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், வங்காளத்துப் பிள்ளைகள். உங்கள் வயதுதான், சிலருக்கு இன்னும் குறைவு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைபோட்ட ஓர் அறையில் ஆறேழு பேர் தங்கியிருப்பார்கள். நீங்கள் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ரயிலேறிப் போய்ப் பார்க்க நினைக்கும் மக்கள் உங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போடும் தூரத்தில் இருக்கிறார்கள்.

அவர்களிடம் பேசப் போகும்போது ஓர் ஆச்சரியம் காத்திருக்கலாம். ஜார்க்கண்டில் ஜெர்மன் லுத்தரன் மிஷனான கோஸ்னர் மிஷன் 1845 முதல் இருக்கிறது. உராவோன், முண்டா மக்களில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் உண்டு. கடலூர் சிப்காட்டில் மூட்டை தூக்கும் ஒரு பையன் ராஞ்சிப் பக்கத்து லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவனாக இருக்கக்கூடும். கடலூரில் லுத்தரன் ஆலயம் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் தமிழ் ஆராதனையில் யார் பக்கத்தில் உட்காருவது? அவனுக்கு நீங்கள் மிஷனெரி ஆகத் தேவையில்லை. அவனிடம் அவன் ஊர்ப் பக்கம் பேசும் சாத்ரி மொழியில் நான்கு பாட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும்போது தன் கிராமத்துக்கு அவனே உங்களை அழைப்பான், அப்படி அழைப்புப் பெற்றுப் போகும் லீவுப் பயணத்தை நான் முழுமனதோடு ஆதரிப்பேன்.

மற்றவர்களுக்குச் செய்யக்கூடியது எளியது: அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதிக்கொடுப்பது, மாத்திரையை எத்தனை வேளை சாப்பிடவேண்டும் என்று இந்தியில் சொல்வது, சம்பளம் பிடித்துவைத்தால் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது. இதைத் தூண்டில் இரையாக்கிவிடாதீர்கள். அவர் ஆலயத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரமும் நீங்கள் அங்கே நிற்கவேண்டும். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளைப் பார்த்து அசரியா கேட்டது நண்பர்களைத்தான். நீங்கள் எங்களுக்காக உங்கள் உடைமைகளையும் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்றார். இன்று அந்தக் கோரிக்கையை நம்மிடம் வைக்கும் இடத்தில் ஓர் ஒடிசாப் பையன் நிற்கிறான்.

இதோடு சேர்த்து விடுதி அறையில் ஒரு ஜெபக்குழு. உலகம் முழுவதற்கும் பொதுவாக ஜெபிக்காமல் ஒரே ஒரு பணித்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மிஷனெரியின் பிள்ளைகள் எந்த வகுப்பு, எந்தக் கிராமத்தில் கிணறு வற்றியது என்று தெரிந்து ஜெபியுங்கள். இருபது பேர் மாதம் நூறு ரூபாய் போட்டால் இரண்டாயிரம். தேர்வு மாதத்திலும் அது நிற்காமல் போய்ச் சேரவேண்டும், மாணவர் குழுக்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

## யாருக்கு எது

முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர் எவராயிருந்தாலும் ஊரில் தொடங்குங்கள் என்பேன். ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரத்தைத் தொடர்ந்து கொடுக்கமுடியாதவர் ராய்ப்பூரிலும் கொடுக்கமாட்டார். இறுதியாண்டில் கடன் இல்லாமல், பெற்றோருக்கு வருமானமும் இருந்தால் ஓராண்டு போங்கள். கடன் இருந்தால் தொழிலோடு போகும் வழியைப் பாருங்கள், ஆனால் சம்பளத்துக்காக ஊரைத் தேர்ந்தெடுக்காமல், ஆள் தேவைப்படும் ஊரில் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். லீவுப் பயணம் இவற்றோடு சேர்ந்து வரலாம், தனியாக வேண்டாம்.

பெற்றோரிடம் பேசாமல் எதையும் முடிவுசெய்யாதீர்கள். "ஆண்டவர் சொல்லிவிட்டார்" என்று கதவைச் சாத்தினால் அம்மாவால் என்ன பதில் சொல்லமுடியும்? அவர்களுடைய பயங்களில் பாதி நியாயமானவை. பெண் பிள்ளை எங்கே தங்குவாள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. ஆகவே எந்த அமைப்போடு போவதாக இருந்தாலும் முதலில் அங்கே அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் இவற்றைக் கேளுங்கள்: மாத உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? மருத்துவச் செலவு யாருடையது? தங்குமிடத்தில் உடன் இருப்பவர் யார்? மொழி கற்க எத்தனை மாதம் ஒதுக்குவீர்கள்? காவல்துறை விசாரணை வந்தால் எந்த வழக்கறிஞர் வருவார்? பாதியில் திரும்ப நேர்ந்தால் யாரிடம் சொல்லவேண்டும்? வரவுசெலவுக் கணக்கு தணிக்கை ஆகிறதா, பார்க்கலாமா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். நல்ல அமைப்புகள் இந்தக் கேள்விகளை வரவேற்கும், சிலர் நீங்கள் கேட்கும்முன்பே தாளில் அடித்துக் கொடுப்பார்கள். முகம் சுளித்து "விசுவாசத்தில் வாருங்கள்" என்று மட்டும் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த அமைப்பின் கதவைத் தட்டுங்கள்.